பதினோராவது முட்டையைக் கீறலாமா?

பதினொரு சாரைப்பாம்பு முட்டைகளில் ஒன்பது பொரிந்துவிட்டன. இரண்டு அப்படியே கிடக்கின்றன. அக்கா மகன் நகம் வெட்டும் சின்னக் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறான். "மாமா, லேசா ஒரு கீறு போட்டு விட்டரலாமா? உள்ளயே மூச்சு முட்டிச் செத்துப்போயிருமோன்னு இருக்கு."

"மொதல்ல கத்தரிய மேசை மேல வை கண்ணு" என்றேன். அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ரொம்ப ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். பல வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவன் நான். வழி விலகிப் பேசுவது பழகிப்போய்விட்டது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். சுற்றிலும் தென்னந்தோப்பு, அங்கங்கே மட்டையடித்து நார் எடுக்கும் மில். மில்லுக்குப் பின்னால் நார்த்தூள் குன்று மாதிரிக் குவிந்து கிடக்கும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள், இளஞ்சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். சாரைப்பாம்புக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடைக்காது. லாரியில் தூள் ஏற்றும்போது மண்வெட்டி முனையில் தட்டுப்பட்டவைதான் இந்தப் பதினொன்றும்.

அக்கா மகன் கேரள வனத்துறையின் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவன். 'சர்ப்ப' செயலியில் அழைப்பு வந்தால் போய்ப் பாம்பைப் பிடித்து விட்டுவிட்டு வருவான். ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடுதான் முட்டைகளை வைத்திருந்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் முட்டையும் அடக்கம். தோப்பில் கண்டெடுத்ததை ஆசைக்காக டப்பாவில் போட்டு வீட்டில் வைக்கக் கூடாது. வெளிநாட்டு மலைப்பாம்பு இனமான பால் பைத்தான் (ball python) போன்றவற்றை வளர்ப்பவர்களுக்குப் பதிவு, அறிவிப்பு என்று தனி விதிகள் இருக்கின்றன. அவர்களுக்கும் இந்தக் கத்தரிக் கேள்வி வரும். பதில் கொஞ்சம் மாறும், அதைப் பின்னால் பார்ப்போம்.

கேள்விக்குப் பதில் சொல்ல முட்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பு முட்டை கோழி முட்டை போல இருக்காது. ஓடு என்கிறோமே தவிர அது தோல்தான். தொட்டால் நனைந்த தடித்த காகிதம் மாதிரி இருக்கும். இந்தத் தோல் வழியே வெளியிலிருந்து ஈரம் உள்ளே போகும். அதனால் முட்டை நாளாக நாளாகப் பருக்கும். காற்றும் இதே வழியில்தான் போய் வருகிறது. உள்பக்கத் தோலை ஒட்டினாற்போல் மெல்லிய ஒரு சவ்வு, அது முழுக்க ரத்தக் குழாய் வலை. குஞ்சுக்கு நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும்வரை அந்த வலைதான் நுரையீரல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முட்டைக்குப் பக்கத்தில் கைபேசி டார்ச்சை வைத்தால் சிவப்பு நரம்புகளாக அது தெரியும். கத்தரி முதலில் வெட்டப் போவது இதைத்தான்.

இன்னொரு விஷயம். கோழி முட்டையை அடைக்கோழி அடிக்கடி புரட்டிவிடும். பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. இட்டு ஓரிரு நாளில் கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிடும்; அதன் பிறகு தலைகீழாகத் திரும்பினால் மஞ்சள் கரு மேலே வந்து கருவை அழுத்தும். அதனால்தான் எடுக்கும் முன்பே பென்சிலால் உச்சியில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். புள்ளி எப்போதும் வானத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் மெத்தையாகப் போட வெளிநாட்டுப் பொருள் எதையும் நாங்கள் வாங்கவில்லை. பொள்ளாச்சியைச் சுற்றி இதே நார்த்தூளில் உலகத்துக்கே கோகோபீட் செய்கிறார்கள், அப்புறம் என்ன? உப்புப் போகக் கழுவிய தூளைப் புட்டு மாவுப் பதத்துக்கு நனைத்தால் போதும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. சூடு 28இலிருந்து 30 டிகிரி. பாலக்காட்டு ஏப்ரலில் அறைக்குள்ளேயே 35ஐத் தாண்டிவிடும், அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அதிகச் சூட்டில் வளர்ந்த குஞ்சுகளுக்கு முதுகெலும்பு கோணலாகலாம். எறும்புக்குப் பயந்து மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம், எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வெல்லப் பானைக்குச் செய்த மாதிரியே.

சரி, பொரிக்கும் நேரத்துக்கு வருவோம். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

குஞ்சின் மேல்தாடை நுனியில் முன்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பல் முளைத்திருக்கும். முட்டைப் பல் என்று சொல்லலாம். பறவைக் குஞ்சின் அலகு மேல் இருப்பது வெறும் கொம்புப் பொருள்; பாம்புடையது உண்மையான பல். தலையை இப்படியும் அப்படியும் அசைத்து அதனால் தோலில் பிளேடு இழுத்த மாதிரிக் கீறல்கள் போடும். பிறந்து சில நாளில் பல் உதிர்ந்துவிடும். வேலை முடிந்ததும் பல்லும் போய்விடுகிறது.

கீறல் விழுந்ததும் மூக்கு தெரியும். அப்புறம் தலை தெரியும். அதோடு எல்லாம் நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆகும், ஆறு மணி நேரம் ஆகும், ஒரு ராத்திரி போய்விடும். குஞ்சு தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆள் கிட்டே போனால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்க்கிற நமக்கு அது மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. கை பரபரக்கிறது.

அது மாட்டிக்கொள்ளவில்லை, வேலையாக இருக்கிறது. நுரையீரல் முதன்முதலாகக் காற்றைப் பழகுகிறது. சவ்வு வலையில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு, தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அதுதான் அடுத்த சில நாட்களுக்குக் கட்டுச்சோறு. ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும்வரை பெரும்பாலான குஞ்சுகள் எதையும் தின்பதில்லை, தேவையும் இல்லை. இந்த வேலைக்கு ஒருநாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். நடுவில் பிடித்து இழுத்தால் மஞ்சள் கருப் பை வெளியே தொங்கும், தொப்புள் கிழியும், ரத்தம் போகும். தப்பித்தாலும் கிருமி ஏறும்.

எனக்கு இதைப் பாடப் புத்தகம் சொல்லித்தரவில்லை. எட்டு வயதில் அம்மிச்சி வீட்டில் கோழி அடைவைத்திருந்தார்கள். ஒரு முட்டையில் ஓட்டை விழுந்து அலகு தெரிந்தது, மணிக்கணக்காக அப்படியே இருந்தது. அம்மிச்சி காட்டுக்குப் போயிருந்தார். நான் ஓட்டைத் துண்டு துண்டாக உரித்துக் குஞ்சை வெளியே எடுத்துவிட்டேன். ஓட்டின் உள்பக்கம் சிவப்பாக இருந்தது. குஞ்சின் வயிற்றில் மஞ்சளாக ஒரு கட்டி. சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. அம்மிச்சி திட்டவில்லை. "அது வார நேரத்துக்கு அது வரும்" என்று மட்டும் சொன்னார். பாம்புக்கும் கோழிக்கும் முட்டை வேறு, ஆனால் நான் செய்த தப்பு இரண்டுக்கும் பொது.

இயற்கையில் பாம்புக்கு மருத்துவச்சி கிடையாது. முதலையைப் பாருங்கள். குஞ்சு முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும், தாய் வந்து மண்ணைத் தோண்டும், பொரியத் தடுமாறும் முட்டையை வாயில் வைத்து மெல்ல அழுத்தி உடைத்துவிடும். பாம்புகளில் அந்தப் பழக்கம் இல்லை. மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றிப் படுத்துத் தசையை நடுக்கி நடுக்கிச் சூடேற்றும். அவ்வளவு பாடுபட்டும் தோலைக் கிழிக்க உதவாது. சாரைக் குஞ்சு தனியாகத்தான் வந்தாக வேண்டும்.

2022இல் காசர்கோட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் இடத்தில் ஒரு மலைப்பாம்பு 24 முட்டைகளோடு இருந்தது. அந்தப் பகுதி வேலையை 54 நாள் நிறுத்திவைத்தார்கள். கீறல் விழத் தொடங்கிய பிறகுதான் முட்டைகளை எடுத்துப் போய்ப் பொரியவைத்தார்கள். சாலை போடுகிறவர்களே இவ்வளவு பொறுத்தார்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?

"அப்ப கீறவே கூடாதா மாமா?" என்றான். அப்படியும் இல்லை.

சில முட்டைகளுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படும். பெட்டி காய்ந்துபோய்க் கடைசி நாட்களில் தோல் வறண்டு செருப்புத் தோல் மாதிரி இறுகியிருக்கலாம். தோல் இயல்பிலேயே தடித்திருக்கலாம். எப்போதாவது ஒரே முட்டையில் இரட்டைக் குஞ்சு இருந்து, திரும்ப இடமில்லாமல் போகலாம். கீறல் போட்டுவிட்டு, வழிந்த நீர் பசை மாதிரிக் காய்ந்து மூக்கை ஒட்டிப் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வகைக்குக் கத்தரி எதற்கு? வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஈரப்படுத்தினாலே விட்டுவிடும்.

ஆனால் பொரியாமல் நிற்கும் முட்டைகளில் பலவற்றுக்கு உள்ளே கதை முன்பே முடிந்திருக்கும். குஞ்சு வளரும்போதே இறந்திருக்கும், அல்லது கீறும் வலு இல்லாத அளவுக்கு ஊனமாக இருக்கும். முதலிலிருந்தே கரு பிடிக்காத கூமுட்டை இந்தக் கணக்கில் வராது. அது ஆரம்பத்திலேயே சிறுத்து, மஞ்சளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல முட்டைகூடக் கடைசி நாட்களில் மேலே குழி விழுந்து சப்பையாகும். அதைப் பார்த்துப் பயந்து கீறியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குழி பெரும்பாலும் பொரியப்போவதற்கான அடையாளம்தான்.

அப்படியென்றால் எப்போது கீறுவது? நாள் கணக்கு வைத்துக் கீறலாம் என்பார்கள். பால் பைத்தான் வளர்ப்பவர்களுக்கு அது ஓரளவு முடியும். இட்ட தேதி தெரியும், சூடு 31, 32 டிகிரியில் நிலையாக இருக்கும், 55இலிருந்து 60 நாளுக்குள் பொரிந்துவிடும். எங்களுக்கு வரும் முட்டையில் தேதி எழுதியிருப்பதில்லை. சாரை முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் என்று தெரிந்தும் பிரயோசனம் இல்லை. மண்வெட்டியில் தட்டுப்பட்ட அன்று அது மூன்றாவது நாளா முப்பதாவது நாளா என்று யார் சொல்வது? எங்களிடம் இருக்கும் ஒரே கடிகாரம் கூடப் பிறந்தவைதான். ஒரே தாயின் முட்டைகள், ஒரே பெட்டி, ஒரே சூடு. அவை பொதுவாக ஓரிரண்டு நாள் வித்தியாசத்தில் பொரிந்துவிடும். முதல் தலை தெரிந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். மற்றவையெல்லாம் கீறல் போட்ட பிறகும் முழுதாக இரண்டு நாள் தள்ளிப் போனால்தான் அந்த முட்டையைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன்பே கீறுகிறவர்கள் உண்டு, குறிப்பாக விலை உயர்ந்த நிறங்களுக்காக மலைப்பாம்பு வளர்ப்பவர்கள். முதல் முட்டையில் தலை தெரிந்ததும் மீதி எல்லாவற்றிலும் ஒரு ஜன்னல் போட்டுவிடுவார்கள். ஒரு குஞ்சைக்கூட இழக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம். கவனமாகச் செய்தால் குஞ்சுகள் பிழைக்கவும் செய்கின்றன. ஆனால் உள்ளே என்ன நிறம் என்று பார்க்கும் அவசரமும் அதில் பாதி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். திறந்த முட்டை காய்கிறது, பூசணம் பிடிக்கிறது, எங்கள் ஊரில் கரு வாசனைக்கு எறும்பும் ஈயும் அரை மணியில் வந்துவிடும். தானே வந்திருக்கக்கூடிய குஞ்சுக்கு இந்த ஆபத்தெல்லாம் எதற்கு?

வளர்ப்புக்கும் மீட்புக்கும் வித்தியாசம் வரும் இடமும் இதுதான். வளர்ப்பவர் கீறி எடுத்த குஞ்சு சொத்தையாக இருந்தால் அதன் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. பார்த்துக்கொள்ளவும் முடியும். நாங்களோ நாலு நாளில் காட்டில் விடப் போகிறோம். முட்டைத் தோலையே கீற முடியாத குஞ்சு, கீரிக்கும் மயிலுக்கும் நடுவில் தவளை பிடித்துப் பிழைக்குமா? மீட்ட முட்டையில் எனக்குக் கை நீளாததற்கு முக்கியக் காரணம் இந்தக் கேள்விதான். இதை மனசில்லாத பேச்சு என்று அக்கா மகன் நினைத்தான். முகத்தில் தெரிந்தது.

எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாத முட்டை என்றால் விவாதமே வேண்டாம், கீறக் கூடாது. நல்ல பாம்புக் குஞ்சுக்குப் பிறக்கும்போதே விஷம் உண்டு. முட்டையிலிருந்து பாதி வெளியே வந்த நிலையிலேயே படம் எடுக்கும், கொத்தும். கட்டுவிரியனும் முட்டையிடும் இனம்தான். கண்ணாடி விரியன் குட்டி போடும் வகை என்பதால் அந்தக் கவலை மட்டும் இல்லை.

கீறித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி? முதலில் செலவில்லாத உதவிகள். பெட்டியைத் திறந்து காற்று மாற்றுங்கள். கடைசி நாட்களில்தான் குஞ்சுக்குக் காற்று அதிகம் தேவை. முட்டை மேல் தண்ணீர் தெளிக்காமல் பக்கத்தில் ஈரத்துணி வையுங்கள். மறுபடி டார்ச் அடித்து, சிவப்பு வலை மங்கி ஒடுங்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பளிச்சென்று தடித்த நரம்பு ஓடினால் அன்றைக்குக் கீறக் கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்த, நுனி மழுங்கிய கத்தரி வேண்டும். உச்சியில், பென்சில் புள்ளிக்குப் பக்கத்தில் நரம்பில்லாத இடத்தில், தோலை லேசாகக் கிள்ளித் தூக்கிக்கொண்டு, பட்டாணி அளவுக்கு ஒரு ஜன்னல். நுனி உள்ளே இறங்கக் கூடாது, தோலோடு படுக்கையாகப் போக வேண்டும். ரத்தம் துளிர்த்தால் அங்கேயே நிறுத்தி, ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். துளிர்க்காவிட்டாலும் அவ்வளவுதான் நம் வேலை. குஞ்சைத் தொடக் கூடாது, இழுக்கக் கூடாது. ஜன்னல் வழியாக அது வருவது அதன் பாடு, அதற்கு இன்னும் ஒருநாள், இரண்டு நாள் ஆகலாம். மஞ்சள் கருப் பை தொங்கக் குஞ்சு வெளியே வந்துவிட்டால் கொடியை அறுக்காமல், ஈரமான சுத்தமான டிஷ்யூ காகிதத்தின் மேல் தனி டப்பாவில் விட்டு இருட்டில் வையுங்கள்.

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. அவன் அரை மனதோடு போய்ப் படுத்தான். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஓடி வந்து எழுப்பினான். பத்தாவது முட்டையில் இரண்டு கீறல், நடுவில் ஒரு மூக்கு, அதன் மேல் ஒரு நீர்க்குமிழி. குமிழி பெரிதாகிச் சின்னதாகி, பெரிதாகிச் சின்னதானது. அன்று முழுக்க அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் மத்தியானம் சாரைக் குட்டி முழுசாக வெளியே வந்து அவனைப் பார்த்துச் சீறியது.

பதினோராவதற்கு இன்னும் ஒருநாள் கொடுத்தோம். டார்ச்சில் வலை தெரியவில்லை. சாயங்காலம் நான் பிடித்துக்கொள்ள அவன்தான் ஜன்னல் போட்டான். ரத்தம் வரவில்லை. உள்ளே குஞ்சு இருந்தது, செதில் எல்லாம் வந்த முழுக் குஞ்சு, முதுகில் இரண்டு இடத்தில் கோணல். அசைவில்லை.

"அன்னைக்கே கீறியிருந்தா?" என்றான்.

தோலை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினேன். மஞ்சள் கரு பெரிய உருண்டையாக வெளியிலேயே இருந்தது, உள்ளே இழுபடத் தொடங்கவே இல்லை. இது போய்ப் பல நாள் ஆகியிருக்க வேண்டும், மற்றவை முதல் கீறல் போடுவதற்கு முன்பே. அன்றைக்குக் கீறியிருந்தாலும் இதையேதான் பார்த்திருப்போம். பத்தாவதைக் கீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

பத்துக் குட்டிகளையும் ரேஞ்ச் ஆபீசில் சொன்ன இடத்தில், வாய்க்கால் ஓரப் புதரில் விட்டுவிட்டு வந்தோம். எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. பெட்டியில் இருந்த நார்த்தூளை முருங்கை மரத்தடியில் கொட்டினான். கத்தரியை நன்றாகக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுத்தும் அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. "பாம்பு முட்டைய வெட்டுன கத்தரி எனக்கு வேண்டாம், அத நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள்.